ஸ்லஷ் பானங்களில் சர்க்கரையும் கலோரியும்: நோயாளர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

கோடைக்காலத்தில் வணிக வளாகங்களிலும் திரையரங்குகளிலும் துரித உணவகங்களிலும் கண்ணாடித் தொட்டிகளுக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாய்ச் சுழன்றுகொண்டிருக்கும் பனிப் பானத்தை நாம் அனைவரும் கண்டிருப்போம். ஸ்லஷ் என்றும் ஸ்லஷி என்றும் இதனை அழைப்பர். பார்வைக்கு இது வண்ணமூட்டிய பனித்துகள் போலத் தோன்றுகிறது. “பெரும்பகுதி பனிதானே, பனி என்பது நீர்தானே, இதில் என்ன கலோரி இருந்துவிடப் போகிறது?” என்று பலரும் எண்ணுவது இயல்பே.

உண்மை வேறு. ஸ்லஷ் பானத்தில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அந்தப் பானம் கட்டியாக உறையாமல் குழைவாக நிற்பதற்கே சர்க்கரைதான் காரணம். ஆகவே, சர்க்கரையைக் குறைத்தால் ஸ்லஷ் ஸ்லஷாக இராது. சர்க்கரையை முற்றிலும் நீக்கினால் அதன் இடத்தில் வேறொரு பொருளைச் சேர்த்தாக வேண்டும். இவ்விரண்டு செய்திகளையும் விளங்கிக்கொண்டால், நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியவை உடையோரும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் எடுக்க வேண்டிய முடிவுகள் தெளிவாகும்.

இப்பானம் தோன்றிய வரலாறு

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் காஃபிவில் என்னும் சிற்றூரில் ஓமர் நெட்லிக் என்பவர் பனிக்கூழ்க் கடை நடத்திவந்தார். 1950-களின் இறுதியில் அவருடைய கடையின் சோடா இயந்திரம் பழுதுற்றது. எனவே அவர் குளிர்பானப் புட்டிகளை உறைபெட்டியில் வைத்து விற்றார். அரைகுறையாக உறைந்து பனித்துகளோடு வெளிவந்த பானத்தை மக்கள் விரும்பிக் கேட்டனர். அதனை எப்போதும் அவ்வாறே தருவதற்காக அவர் முயன்று உருவாக்கியதே ‘ஐசீ’ இயந்திரம். 1960-களின் நடுவில் ‘செவன் இலெவன்’ கடைகள் அதனை ஏற்று, ‘ஸ்லர்ப்பி’ என்னும் பெயரில் விற்கத் தொடங்கின. அங்கிருந்து இப்பானம் உலகெங்கும் பரவியது.

இன்று இருவகை இயந்திரங்கள் பயன்பாட்டில் உள்ளன. ஒன்று, நம் ஊர்க் கடைகளில் மிகுதியாகக் காணப்படும் சுழலும் தொட்டி வகை; இதில் வாயு சேர்க்கப்படுவதில்லை. மற்றொன்று, கரியமில வாயுவை அழுத்தத்துடன் கலந்து உறையவைக்கும் வகை. ஸ்லர்ப்பி, ஐசீ ஆகியவை இவ்வகையின. இந்த வேறுபாடு கலோரிக் கணக்குக்கு இன்றியமையாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சர்க்கரை இல்லாமல் ஸ்லஷ் இல்லை

தூய நீர் 0 டிகிரி செல்சியசில் முழுவதும் கட்டியாகிவிடும். நீரில் சர்க்கரையைக் கரைத்தால் அதன் உறைநிலை தாழ்கிறது. 100 கிராம் கலவையில் ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை இருப்பின், உறைதல் சுமார் −0.8 டிகிரியில்தான் தொடங்கும். தொடங்கியதும் எல்லாம் ஒருங்கே உறைந்துவிடுவதில்லை. நீரின் ஒரு பகுதி மட்டும் பனித்துகளாகப் பிரிகிறது. சர்க்கரை பனித்துகளுக்குள் புகுவதில்லை. எஞ்சிய நீரிலேயே தங்கி அதனை மேலும் அடர்த்தியான பாகாக்குகிறது. அடர்ந்த பாகு உறைவதற்கு இன்னும் மிகுந்த குளிர் வேண்டும். இதனால்தான் இயந்திரத்தின் −2, −3 டிகிரிக் குளிரிலும் பாதிக்கு மேல் பனியும் மீதி இனிப்புப் பாகுமாகக் கலவை குழைந்து நிற்கிறது. இடைவிடாது சுழலும் துடுப்பு, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கிறது.

குச்சி ஐஸை உறிஞ்சிய எவரும் இதனை அனுபவத்தில் அறிவர். சிறிது நேரம் உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் போய் வெளிறிய பனி மட்டும் குச்சியில் எஞ்சும். ஸ்லஷும் அவ்வாறே. குழாயின் வழியே முதலில் ஏறிவருவது பனியன்று; பனித்துகள்களுக்கிடையே நிற்கும் அடர்ந்த பாகு. −2.5 டிகிரியில் அந்தப் பாகில் ஏறத்தாழ 30 விழுக்காடு சர்க்கரை இருக்கும். “பாதிதான் குடித்தேன், பாதியைக் கொட்டிவிட்டேன்” என்று ஒருவர் கூறுகையில், கொட்டப்பட்டது பெரும்பாலும் வெறும் பனியாகவும், குடிக்கப்பட்டது பெரும்பாலும் சர்க்கரையாகவும் இருக்கக்கூடும். ஆகவே மீதம் வைத்த அளவைப் பார்த்துச் சர்க்கரை பாதியாகக் குறைந்தது எனக் கணக்கிடலாகாது.

குளிர் நாவை ஏமாற்றுகிறது

நாவின் இனிப்புணர்வு குளிரில் மங்குகிறது. உருகிப்போன பனிக்கூழைச் சுவைத்தால் அது திகட்டுமளவு இனிப்பதை நாம் கவனித்திருப்போம். அதில் சர்க்கரை கூடிவிடவில்லை. குளிர் விலகியதால் நாம் அதனை முழுமையாக உணர்கிறோம். ஸ்லஷில் சேர்க்கப்படும் சிட்ரிக் அமிலத்தின் புளிப்பும் இனிப்பைச் சமன்செய்துவிடுகிறது. எனவே, “அவ்வளவு இனிப்பாக இல்லையே” என்னும் நாவின் சான்றை இப்பானத்தில் நம்புதல் இயலாது. ஐயமுடையோர் ஒரு சிறு கிண்ணத்தில் ஸ்லஷை முழுவதும் உருகவிட்டு, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கலாம்.

வேறொரு நம்பிக்கையும் உண்டு. பனியை உருக்க உடல் தன் வெப்பத்தைச் செலவிடுவதால் கலோரி கரைந்துவிடும் என்பர். அரை லிட்டர் ஸ்லஷை உருக்கி உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் சுமார் 40 கலோரி மட்டுமே. அதே கோப்பையிலுள்ள சர்க்கரை தருவதோ சுமார் 260 கலோரி.

கோப்பையைக் கணக்கிடும் முறை

இக்கணக்குக்கு மூன்று எண்கள் போதும். 1 கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். வாயு கலவாத சாதாரண ஸ்லஷில் 100 மி.லி.க்குச் சுமார் 13 கிராம் சர்க்கரை எனக் கொள்ளலாம்.

200 மி.லி. கோப்பை: 26 கிராம் சர்க்கரை, சுமார் ஆறரைத் தேக்கரண்டி, 104 கலோரி.
350 மி.லி. கோப்பை: 45 கிராம் சர்க்கரை, சுமார் 11 தேக்கரண்டி, 180 கலோரி.
500 மி.லி. கோப்பை: 65 கிராம் சர்க்கரை, சுமார் 16 தேக்கரண்டி, 260 கலோரி.
950 மி.லி. கோப்பை: 123 கிராம் சர்க்கரை, சுமார் 31 தேக்கரண்டி, 490 கலோரி.

இறுதியாகக் காட்டிய அளவு மிகையன்று. அமெரிக்கத் துரித உணவகங்களில் 32 அவுன்ஸ், அதாவது சுமார் 950 மி.லி. கோப்பை வழக்கமானதே, 44 அவுன்ஸ், அதாவது சுமார் 1,300 மி.லி. கோப்பையும் விற்கப்படுகிறது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோர், அங்கே ‘நடுத்தரம்’ எனப்படும் கோப்பை இங்குள்ள பெரிய கோப்பையினும் பெரிதாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

வாயு கலந்து உறையவைக்கும் வகையில் கலவை உப்பிப் பெருகுகிறது. அதே அளவுக் கோப்பையில் வாயு மிகுந்தும் பாகு குறைந்தும் இருப்பதால், சர்க்கரை மேற்கண்ட கணக்கில் பாதியளவுக்குக்கூட இறங்கலாம். எனினும் அதுவும் சர்க்கரைப் பானமே.

உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல், நாள் முழுவதும் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 5 விழுக்காட்டுக்குள் இருத்தல் மேலும் நன்று. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். அரை லிட்டர் ஸ்லஷ் ஒன்றே மேல்வரம்பைத் தாண்டிவிடுகிறது. 1,200 கலோரி போதுமான சிறு குழந்தைக்கு மேல்வரம்பு 30 கிராம், 350 மி.லி. கோப்பை அதனைக் கடந்துவிடுகிறது.

இந்தியாவில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளையுடைய உணவகங்கள் தம் உணவுப்பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்னும் விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியலில் கலோரி மட்டும் இருப்பின், ஸ்லஷைப் பொறுத்தவரை அதனை 4-ஆல் வகுத்தால் சர்க்கரையின் கிராம் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஏனெனில் இப்பானத்தில் கொழுப்போ புரதமோ இல்லை. கலோரி முழுவதும் சர்க்கரையிலிருந்தே வருகிறது.

நீரிழிவு உடையோர்க்கு

அரை லிட்டர் ஸ்லஷிலுள்ள 65 கிராம் சர்க்கரை, நடுத்தர அளவிலான ஐந்து இட்லிகளிலுள்ள மாவுச்சத்துக்கு ஏறத்தாழ நிகரானது. ஆயினும் ஐந்து இட்லி உண்டவர் வயிறு நிறைந்து எழுவார். சாம்பாரிலுள்ள பருப்பும் காயும் செரிமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஸ்லஷ் குடித்தவர்க்கோ பசி தீர்வதில்லை. நீரில் கரைந்த சர்க்கரை விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரையின் பாதி ஃபிரக்டோஸ் ஆதலால், அதனை மிகுதியாக உட்கொள்ளும் பழக்கம் கல்லீரலில் கொழுப்புச் சேர்வதற்கும் டிரைகிளிசரைடு உயர்வதற்கும் துணைசெய்கிறது.

அறியாமலோ ஆசையாலோ குடித்துவிட நேர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை. இரத்தச் சர்க்கரையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஈடுசெய்வதாக எண்ணி அடுத்த வேளை உணவைத் தவிர்ப்பதும், மருத்துவர் கற்பித்த முறைக்கு மாறாக இன்சுலினைக் கூட்டிக்கொள்வதும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தை உண்டாக்கும், அவற்றைச் செய்யாதீர்கள்.

இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும்போது உடனடியாகத் தேவைப்படுவது 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. அதற்கும் ஸ்லஷ் ஏற்றதன்று. மிகுந்த குளிர்ச்சியால் அதனை விரைந்து குடிக்க இயலாது; எவ்வளவு சர்க்கரை உட்சென்றது என்பதும் தெரியாது; அது சர்க்கரையற்ற வகையாயின் பயனே இராது. நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையையோ, அதே அளவு குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பதே முறை. நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

சிறுநீரக நோயும் இதயத் தளர்ச்சியும் உடையோர்க்கு

நாளொன்றுக்கு இவ்வளவு நீர்தான் என வரையறை பெற்றவர்கள், ஸ்லஷை நீராகவே கணக்கில் எழுத வேண்டும். பனி உருகினால் நீரே; வாயு கலவாத அரை லிட்டர் ஸ்லஷ், ஏறத்தாழ அரை லிட்டர் நீருக்குச் சமம். டயாலிசிஸ் பெறுவோர் தாகம் தணிய ஒரு சிறு பனிக்கட்டியை வாயிலிட்டு மெல்லக் கரையவிடலாம் என நாங்கள் கூறுவதுண்டு. ஸ்லஷ் அதற்கு மாற்றாகாது. இனிப்பு தாகத்தைத் தூண்டும். நீரிழிவும் உடையவராயின் உயர்ந்த இரத்தச் சர்க்கரை தாகத்தை மேலும் பெருக்கும். கோலா வகை ஸ்லஷில் பாஸ்பாரிக் அமிலம் உள்ளது. இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகுந்தோர் அதனை அறவே விலக்க வேண்டும்.

தொண்டை அறுவைக்குப் பின்னும் புற்றுநோய்ச் சிகிச்சையின்போதும்

குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். ஆகவே டான்சில் அறுவைக்குப் பின்னரும், புற்றுநோய் மருந்துகளால் வாய் புண்ணானபோதும் குளிர்ந்த மென்மையான உணவு ஆறுதல் தரும். சில மருந்துகளைச் செலுத்தும்போது வாய்ப்புண் வராமல் தடுக்கப் பனிக்கட்டியைச் சுவைக்கச் சொல்வதும் மருத்துவ முறையே. உடல் இளைத்து உணவு கொள்ள இயலாதோர்க்குக் கலோரி வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் அந்தக் கலோரி புரதத்தோடு வருவதே நன்று. ஸ்லஷின் சிட்ரிக் அமிலம் புண்ணை எரிக்கும். வெள்ளணுக்கள் குறைந்தவர்க்கு, தூய்மையின் நிலை அறியாத இயந்திரத்திலிருந்து வரும் பனி நோய்த்தொற்றுக்கு வாயிலாகலாம். டான்சில் அறுவைக்குப் பின் சிவப்பு நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: குழந்தை வாந்தியெடுத்தால் அது வண்ணமா இரத்தமா எனப் பிரித்தறிதல் கடினம்.

வயிற்றுப்போக்கின்போது

கோடையில் வயிற்றுப்போக்கால் சோர்ந்த குழந்தை வேறெதையும் குடிக்க மறுக்கும்போது, “ஸ்லஷாவது குடிக்கட்டும்” எனப் பெற்றோர் எண்ணக்கூடும். உலக நலவாழ்வு அமைப்பின் உப்புச் சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசே உள்ளது. ஒரு லிட்டர் ஸ்லஷில் ஏறத்தாழ 130 கிராம் சர்க்கரை. இது பத்து மடங்கு. கரைசலில் உள்ள உப்புகளோ ஸ்லஷில் இல்லை. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை மேலும் பெருக்கும்.

“சர்க்கரையற்ற” ஸ்லஷும் சிறு குழந்தைகளும்

இப்பகுதியைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

சர்க்கரை இல்லாமல் ஸ்லஷ் குழைவாக நிற்காது எனக் கண்டோம். எனவே சர்க்கரையற்ற அல்லது சர்க்கரை குறைந்த ஸ்லஷில், உறைநிலையைத் தாழ்த்தும் வேறொரு பொருளாகக் கிளிசரால் சேர்க்கப்படுவதுண்டு. பிரிட்டனில் 100 மி.லி.க்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரையுள்ள பானங்கள் மீது 2018-இல் வரி விதிக்கப்பட்டபின், கிளிசரால் சேர்த்த ஸ்லஷ் அங்கே பெருகியது.

கிளிசரால் உணவில் அனுமதிக்கப்பட்ட பொருளே. பெரியவர்க்கு ஒரு கோப்பையால் பெரும்பாலும் தீங்கில்லை. சிறு குழந்தையின் உடலிலோ, எடைக்கு மிஞ்சிய அளவு விரைந்து சேரும்போது தலைவலியும் வாந்தியும் தோன்றலாம். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரையும் செல்லலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஸ்லஷ் குடித்தபின் இவ்வாறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 21 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் குடித்த ஒரு மணி நேரத்திற்குள் நோயுற்றனர். அதன்பின் அந்நாட்டின் உணவுத் தர முகமை, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிளிசரால் கலந்த ஸ்லஷைக் கொடுக்கலாகாது என அறிவுறுத்தியது.

நாம் செய்யத்தக்கவை இவை. கடையில் ‘சர்க்கரையற்றது’ எனக் கூறப்பட்டால், எது சேர்க்கப்பட்டுள்ளது என வினவுங்கள். பாகுப் புட்டியின் பொருட்பட்டியலில் ‘கிளிசரால்’, ‘கிளிசரின்’ என்ற பெயரோ 422 என்ற எண்ணோ இருக்கிறதா எனப் பாருங்கள். விடை கிடைக்காவிடில் 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதனை வாங்கித் தராதீர்கள். வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும், ஓடி விளையாடிக் களைத்த குழந்தைக்கும் இது மேலும் பொருந்தும். ஸ்லஷ் குடித்த குழந்தை வழக்கத்துக்கு மாறாக உறங்கி விழுந்தாலோ, குழறிப் பேசினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, “களைப்பு” என்று விட்டுவிடாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தை ஸ்லஷ் குடித்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

வீட்டில் செய்யத்தக்க மாற்று

சர்க்கரை செய்யும் வேலையை நம் கையும் செய்யலாம். நீர்மோரையோ, உப்பும் புதினாவும் சேர்த்த எலுமிச்சை நீரையோ அகன்ற தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வையுங்கள். அரை மணிக்கொரு முறை முள்கரண்டியால் கீறிக் கிளறுங்கள். மூன்று நான்கு முறை கிளறியதும் கட்டியாகாத பனித்துகள் கிடைக்கும். செய்த உடனே உண்ண வேண்டும். சர்க்கரை இல்லாமையால் நெடுநேரம் வைத்தால் இறுகிவிடும். விதை நீக்கிய தர்பூசணித் துண்டுகளை உறையவைத்து அரைத்தும் உண்ணலாம். 100 கிராம் தர்பூசணியில் இயற்கைச் சர்க்கரை சுமார் 6 கிராமே. நீரிழிவு உடையோர் ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்துக. சிறுநீரக நோயுடையோர் பழம், மோர், உப்பு ஆகியவற்றின் அளவைத் தம் உணவியலாளரிடம் கேட்டே முடிவுசெய்க. உயர் இரத்த அழுத்தமும் இதயத் தளர்ச்சியும் உடையோர் உப்பைத் தவிர்க்க.

நினைவில் கொள்ள

வாயு கலவாத ஸ்லஷில் ஒவ்வொரு 100 மி.லி.க்கும் மூன்று தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உண்டு. மீதம் விட்ட பனியைக் கண்டு சர்க்கரையைக் குறைத்துக் கணக்கிடலாகாது. நீர் வரையறை உடையோர்க்கு ஸ்லஷ் நீரே. வயிற்றுப்போக்குக்கும் தாழ்ந்த இரத்தச் சர்க்கரைக்கும் அது மருந்தன்று. கிளிசரால் கலந்த ஸ்லஷ் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உரியதன்று.

திருமணம், பிறந்தநாள், குடும்பத்தோடு திரைப்படம் என எப்போதாவது ஒருமுறை சிறு கோப்பை ஒன்றைப் பகிர்ந்து குடிக்க விரும்பும் நோயாளர்கள், தம் மருந்துக்கும் உணவுக்கும் ஏற்ப அது பொருந்துமா என அடுத்த வருகையின்போது எங்கள் உணவியல் பிரிவில் கேட்டறியலாம். கோப்பையின் அளவைக் குறித்துவந்தால், கணக்கை நாம் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.